ஸ்ட்ரோக் வந்த அம்மாவுக்கு மூளை ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள், ஆனால் தேறுவது மெதுவாக இருக்கிறது. பெண்களுக்கு இப்படித்தானா?

ஆத்தங்கரைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 72 வயது. பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ஸ்ட்ரோக் வந்தது, இடது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. அப்பா இல்லை, ஊரில் அம்மா தனியாகத்தான் இருந்தார். காலையில் பால் ஊற்றுகிற அக்கா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் கூட்டியதால்தான் விஷயமே தெரிந்தது. எத்தனை மணிக்கு வந்தது என்று தெரியாததால் கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியாது என்றார்கள். அப்புறம் ஸ்கேன் பார்த்துவிட்டு, மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் இருக்கிறது என்று சொல்லி, தொடை வழியாக ஒயர் விட்டுக் கட்டியை எடுத்தார்கள். ரத்த ஓட்டம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று முன்னே பின்னே எடுத்த படத்தைக் காட்டினார்கள், எங்களுக்கே நன்றாகத் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு 65 வயது இருக்கும், அவருக்கும் இதே சிகிச்சைதான். அவர் இப்போது தானே கடைக்குப் போய் வருகிறார், அவர் மகன் வீடியோ அனுப்புகிறார். அம்மா வாக்கர் பிடித்து பாத்ரூம் வரைக்கும்தான் போகிறார். இடது கையில் விரல் மட்டும் லேசாக அசைகிறது. மூன்றாவது மாதம் நடக்கிறது.

இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர், மருந்து கம்பெனியில் வேலை பார்ப்பவர், அம்மா காதுபடவே "பொம்பளைங்களுக்கு இந்த ட்ரீட்மென்ட் அவ்வளவா கேட்காதாம், ஆராய்ச்சியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பிசியோவுக்குக் கிளம்பச் சொன்னாலே "எனக்கு எதுக்குடா காச வீணாக்குற" என்கிறார். அப்படி ஓர் ஆராய்ச்சி உண்மையிலேயே இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட் டூட்டி:

நரம்பியல் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன். ஸ்கேனைப் பார்க்காமல் அம்மாவைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் உறவினர் எந்த ஆராய்ச்சியைக் காதில் வாங்கியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது, அதைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் 16 மருத்துவமனைகளில் 500 பேரை வைத்து நடத்திய எம்ஆர் கிளீன் ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. கட்டியை எடுக்கிற சிகிச்சை உலகம் முழுக்கப் பரவ வழிவிட்ட ஆய்வு அதுதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கட்டி எடுக்கப்பட்டவர்களில் 32.6 சதவீதம் பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19.1 சதவீதம் பேர்தான். அடுத்த வருடம் அதே தரவை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களுக்குப் பலன் பளிச்சென்று தெரிந்தது, பெண்களுக்குத் தெரியவே இல்லை. சிகிச்சை பெற்ற பெண்களிடையே இறப்பும் கூடுதலாக இருந்தது. எங்கள் துறையில் கொஞ்சம் அதிர்ச்சியான செய்திதான் அது.

ஆனால் 500 பேரை ஆண், பெண் என்று பிரித்து, அதில் பெண்களைச் சிகிச்சை பெற்றவர், பெறாதவர் என்று மறுபடி பிரித்தால் ஒரு பக்கத்துக்கு நூறு பேர் அளவில்தான் மிஞ்சுவார்கள். அந்த அளவில் தற்செயலாகவே இப்படி ஒரு கணக்கு விழலாம். அதனால்தான் அதோடு விடாமல், இதே மாதிரி நடந்த ஏழு ஆய்வுகளின் நோயாளிகளை, மொத்தம் 1,762 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். எம்ஆர் கிளீன் நோயாளிகளும் அதற்குள் அடக்கம். சிகிச்சையின் பலனில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. உங்கள் உறவினர் பாதிக் கதையில் எழுந்து போனவர் போலிருக்கிறது.

அம்மா மாதிரி எப்போது வந்தது என்று தெரியாமல் தாமதமாக வருகிறவர்களுக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை ஸ்கேன் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்துக் கட்டியை எடுக்கலாம் என்பது 2018இல் வந்த டான் ஆய்வு. அதில் சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் சுயமாக இயங்கினார்கள், பெறாதவர்களில் 13 சதவீதம்தான்.

சரி, அப்படியானால் வார்டில் பெண்கள் மெதுவாகத் தேறுவது போலத் தெரிவது பொய்யா என்றால், அதுவும் இல்லை. ஆய்வுக்கென்று பொறுக்கி எடுக்காமல் வருகிறவர்களையெல்லாம் பதிவு செய்கிற பல பதிவேடுகளில், மூன்று மாதம் கழித்துத் தானாக இயங்குகிற பெண்களின் விகிதம் ஆண்களைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. பெண்களுக்கு ஸ்ட்ரோக் வருவது ஆண்களைவிடச் சில வருடம் தள்ளி, அதனால் வயது கூடுதல். ஸ்ட்ரோக்குக்கு முன்பே முட்டி தேய்ந்தோ இடுப்பு ஒடிந்தோ பிறர் உதவியில் இருந்தவர்கள் அவர்களில் அதிகம். இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கிருந்து கட்டி கிளம்பி வருவதும் அதிகம், அது பெரிய ரத்தக்குழாயை அடைத்து மூளையைப் பெரிய அளவில் தாக்கும். இதையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்டால் வித்தியாசத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஏன் என்பதில் எங்கள் பேராசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

கணக்குப்பிள்ளை:

65க்கும் 72க்கும் ஏழு வயது வித்தியாசம். ஒருவருக்கு எப்போது வந்தது என்றே தெரியாது, இன்னொருவரை எத்தனை மணி நேரத்தில் கொண்டுவந்தார்களோ. இதில் ஆண், பெண் எங்கே வந்தது? இரண்டு பேரை வைத்து ஒப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள், அந்த வீடியோவையும் அம்மாவுக்குக் காட்டாதீர்கள்.

கைத்தாங்கல்:

பிசியோதெரபிஸ்ட், பெரும்பாலும் வீட்டுக்கே போய் ஸ்ட்ரோக் நோயாளிகளைப் பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை சொல்வது மருத்துவமனை வாசல் வரைக்கும் சரி சார். அதற்கு அப்பால் ஆண், பெண் வந்துவிடுகிறது, நான் தினமும் பார்க்கிறேன்.

ஆண் நோயாளி வீட்டில் மனைவி இருப்பார். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் காலையும் மாலையும் செய்ய வைப்பது, கையைத் தலையணை மேல் தூக்கி வைப்பது, மாத்திரை எல்லாம் அவர் கையில். பெண் நோயாளி, அதுவும் கணவர் இல்லாதவர் என்றால், மகன் வீட்டில் இரண்டு மாதம், மகள் வீட்டில் இரண்டு மாதம் என்று மாறிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புது பிசியோ, முதலிலிருந்து ஆரம்பம். அவரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். "உனக்கு ஆபீஸ் இருக்கும்பா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். உங்கள் அம்மா "காச வீணாக்குற" என்பதும் அதே ரகம்தான் தம்பி, அதை அவருடைய முடிவு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். கை, கால் அசைவில் வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில்தான் வரும், அப்புறமும் வரும், ஆனால் வேகம் குறையும். இப்போது விடுகிற ஒவ்வொரு வாரமும் நஷ்டம்.

இன்னொன்று, இடது பக்கம் விழுந்திருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் பாதிப்பு மூளையின் வலது பக்கம். சாப்பிடும்போது தட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வலது பக்கம் இருக்கும் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் இருக்கும் பொரியலைத் தொடாமல் கையைக் கழுவுகிறாரா? தலை சீவும்போது இடது பக்கத்தை விட்டுவிடுகிறாரா? வாக்கரை இடது பக்கக் கதவு நிலையில் இடிக்கிறாரா? இருந்தால், கண் பார்வை நன்றாக இருந்தும் மூளை இடது பக்க உலகத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று அர்த்தம். இதை வீட்டில் இருப்பவர்கள் சோம்பேறித்தனம், பிடிவாதம் என்று நினைத்துவிடுவார்கள். கையில் பலம் வந்தாலும் இது சரியாகாமல் நடை சரியாகாது. பக்கத்துக் கட்டில்காரருக்கு இது இல்லாமலே இருந்திருக்கலாம்.

அப்புறம் அந்த இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் வேண்டாம். தோள் மூட்டு நழுவி இறங்கிவிடும். அந்த வலி வந்தால் பயிற்சியே நின்றுவிடும். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள், அல்லது பெல்ட் வாங்கி அம்மா இடுப்பில் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி ஆபீசர்:

எனக்கு நாற்பதுகளில் வந்தது, இதே கட்டி எடுக்கிற சிகிச்சைதான். நடை சீக்கிரமே வந்துவிட்டது, அதனால் எல்லோரும் எனக்குச் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு ஏதோ மார்க் போடுவதற்காக. போனை எடுத்தது என் கணவர். "நல்லா இருக்காங்க, சமைக்கிறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். குக்கரில் விசில் எத்தனை வந்தது என்று எண்ண முடியாமல் நான் அடுப்புக்கு முன்னாடி நின்று அழுதது அவருக்குத் தெரியாது. எப்போது அடுப்படிக்குப் போவாய் என்று கேட்காத சொந்தம் இல்லை, வேலைக்கு எப்போது திரும்புவாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

சொல்ல வந்தது இதுதான். அம்மா பிசியோவுக்கு வர மாட்டேன் என்பது காசுக்காக மட்டும் இல்லாமலும் இருக்கலாம். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மனச்சோர்வு வருவது ரொம்ப சகஜம், பெண்களுக்கு இன்னும் அதிகம் என்று என் டாக்டர் சொன்னார். தூக்கம் இல்லாமல், எதிலும் பிடிப்பு இல்லாமல், சீரியல்கூட வேண்டாம் என்கிறாரா பாருங்கள் தம்பி. எனக்கு மாத்திரை கொடுத்தார்கள், சில வாரத்தில் பயிற்சிக்கு நானே கிளம்ப ஆரம்பித்தேன்.

நைட் டூட்டி:

மேடம் சொன்ன அந்த மார்க், 0 முதல் 6 வரை உள்ள ஓர் அளவுகோல். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் இறப்பு. 0 முதல் 2 வரை வந்தால் நல்ல முடிவு என்று ஆய்வுகளில் எழுதுவோம். நடப்பதற்கு அதில் நிறைய எடை, மனசுக்கும் கவனக் குறைவுக்கும் தனியாக இடம் இல்லை. நோயாளியிடமே பேச வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

மனச்சோர்வு மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. ஃப்ளூஆக்ஸெடின் கொடுத்தால் கை, கால் சீக்கிரம் வரும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை, எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வு இருந்தால் மருத்துவர் பார்த்துக் கொடுக்கட்டும், கை வருவதற்காக என்று யாரும் கேட்டு வாங்காதீர்கள்.

ஆத்தங்கரைக்காரன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. பொரியல் விஷயம் அப்படியே இருக்கிறது! இடது பக்கம் வைத்ததைத் தொடுவதே இல்லை, பல் இல்லாததால் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிடுகிறார்.

இன்னொரு கேள்வி. அம்மாவுக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். எக்கோ எடுத்துப் பார்த்து இதயத்தில் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியிருக்கிறது, துடிப்பும் ஒழுங்கில்லை என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள், அடிக்கடி ரத்தம் எடுத்து ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு, பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த 65 வயதுக்காரருக்குப் புது மாத்திரை, டெஸ்டே கிடையாதாம். அம்மாவுக்கு மட்டும் ஏன் பழைய மருந்து? மாற்றிக் கேட்கலாமா?

நைட் டூட்டி:

மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தக் காய்ச்சலால் வருகிற வால்வு நோய் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது, மைட்ரல் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். இந்த நோயோடு துடிப்பும் தாறுமாறாக இருப்பவர்களுக்குப் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபானையும் வார்ஃபரின் வகை மருந்தையும் ஒப்பிட்டு, ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளில் இன்விக்டஸ் என்று ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2022இல் வந்தது. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பழைய மருந்து எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவு. பக்கத்துக் கட்டில்காரருக்கு வால்வு நன்றாக இருந்திருக்கும், அவருக்குப் புதுசு சரி.

ஆத்தங்கரைக்காரன்:

புரிந்தது டாக்டர். வார்ஃபரின் எடுக்கும்போது கீரையே கொடுக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார், அதுவும் உண்மையா? அம்மாவுக்கு முருங்கைக்கீரை இல்லாமல் சோறு இறங்காது.

நைட் டூட்டி:

கொடுக்கலாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் ஐஎன்ஆர் ஏறி இறங்கும், வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கட்டும். ஐஎன்ஆர் பொதுவாக 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும், உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. கீரையைவிட எனக்குப் பயம் முட்டி வலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரைதான், வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும். நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது புதிதாகத் தொடங்கினாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கைத்தாங்கல்:

தட்டைத் திருப்பி வைப்பது பசிக்குச் சரி தம்பி, ஆனால் எப்போதும் அப்படியே செய்துவிடாதீர்கள். இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி "சிவப்பு தெரிகிற வரைக்கும் பாரும்மா" என்று சொல்லிப் பழக்குங்கள். நீங்களும் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், டிவியையும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முதல் வாரம் திட்டுவார்.