கூமுட்டை நாற்றமும் பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கிணறும்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது, 68,000 ரூபாய்க்கு ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், போடலாமா என்று சிங்கப்பூர் அண்ணாச்சி கேட்டிருந்தார். அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்கள். போன கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கிட்டத்தட்ட நானும் ஏமாந்திருப்பேன்.

விடியற்காலையில் வந்து இறங்கி, பூட்டைத் திறந்து, மோட்டாரைப் போட்டுவிட்டுப் பல் விளக்கத் தண்ணீரை வாயில் ஊற்றினேன். அப்படியே கூமுட்டை. துப்பிவிட்டு நிமிர்ந்தால், அடுப்பங்கரையிலிருந்து மனைவி, "சாக்கடை எங்கயும் உடைஞ்சிட்டா?" என்கிறாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மதினிதான் சட்டென்று விஷயத்தைப் பிடித்தார்கள். "நீங்க போனதுலேருந்து அந்தக் கிணத்துல ஒரு வாளி தண்ணி யாரு கோரினா? நாறாம என்ன செய்யும்?"

இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டதுதான். அதில் பாதி வேதியியல் இருக்கிறது என்பது எனக்கு ஓமனுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நான் வேலை பார்ப்பது எண்ணெய் வயலில். சட்டையில் ஒரு சின்னக் கருவியைக் குத்திக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காற்றில் 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, வந்தாலே அது கத்தும். கத்தினால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே ஓட வேண்டும். வருடம் தவறாமல் பயிற்சி. பாலைவனத்தில் எந்த வாயுவுக்குப் பயந்து ஓடுகிறேனோ, அதே வாயுவைத்தான் அன்றைக்கு ஊர்க் கிணற்றிலிருந்து மொண்டு வாய் கொப்பளித்திருக்கிறேன். அளவுதான் வேறு.

கிணற்றுக்குள் நடப்பது இதுதான். நம் பக்கத்து நிலத்தடி நீரில் சல்ஃபேட் உப்பு கொஞ்சமாவது இருக்கும். கடற்கரைப் பக்கம் போகப் போகக் கூடும். கரிசலில் ஜிப்சம் கலந்திருக்கும் இடங்களிலும் அப்படித்தான். அந்த உப்பால் நாற்றம் இல்லை. ஆனால் கிணற்றின் அடியில் வேப்பிலையும் தூசியும் விழுந்து சேறாகி, யாரும் இறைக்காமல் தண்ணீர் அசையாமல் கிடந்தால், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். காற்றில்லாமல் பிழைக்கிற பாக்டீரியாக்களுக்கு அதுதான் கொண்டாட்டம். நாம் காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்து மூச்சு விடுகிற மாதிரி, அவை சல்ஃபேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. வெளியே விடுவது இந்தக் கூமுட்டை வாயு.

நாற்றத்தைப் பார்த்து விஷமோ என்று பயப்பட வேண்டாம். நம் மூக்கு இந்த வாயுவுக்கு ரொம்பக் கூர்மை. இந்தியக் குடிநீர்த் தரத்தில் (ஐ.எஸ். 10500, 2012) லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் எல்லை. கணக்குப் போட்டால் 20,000 லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம். அதுவே மூக்குக்கு எட்ட ஆரம்பித்துவிடும். குடிக்கவே முடியாதபடி நாறும் தண்ணீர்கூட அந்த வாயுவால் மட்டும் ஆளைச் சாய்க்காது. ஆனால் பித்தளைப் பாத்திரமும் வெள்ளிக் கொலுசும் கறுத்துப்போகும். எங்கள் ஆச்சியின் செப்புக்குடம் ஒரே வாரத்தில் கரிச்சட்டி மாதிரி ஆனது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

சரி, காசு செலவழிக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு டம்ளரில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, அடுப்பங்கரையை விட்டுத் தார்சாவுக்கு வந்து முகர்ந்து பாருங்கள். அங்கே நாற்றமில்லை என்றால் குற்றவாளி தண்ணீரே இல்லை, பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓட்டை. சிரிக்காதீர்கள், நான் சொல்லி அப்படிக் கண்டுபிடித்தவர்கள் நம் தெருவிலேயே இரண்டு வீடு. அடுத்து, பச்சைத் தண்ணீர் நன்றாக இருந்து வெந்நீர் மட்டும் நாறினால் கிணற்றைக் குறை சொல்லாதீர்கள். கீசருக்குள் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மக்னீசியக் கம்பி வைத்திருப்பார்கள். அதுவும் சல்ஃபேட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை அது. அலுமினியம், துத்தநாகம் கலந்த கம்பியாக மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். கம்பியே வேண்டாமென்று கழற்றி வீசினால் தொட்டி சீக்கிரம் ஓட்டையாகும்.

மோட்டார் போட்டவுடன் குழாயில் நேராக விழும் தண்ணீரையும், மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீரையும் தனித்தனியாக முகருங்கள். முதலாவது நல்லதாக இருந்து இரண்டாவது நாறினால் தொட்டியைக் கழுவினால் போதும். இதையெல்லாம் அந்த வீட்டிலேயே இருப்பவர் செய்யக்கூடாது. மூக்கு சீக்கிரம் பழகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

நாற்றம் கிணற்றிலேயே இருந்தால், அதிலும் பூட்டிக் கிடக்கிற வீடு என்றால், முதல் வைத்தியம் இறைப்பதுதான். நாங்கள் இரண்டு நாள் மோட்டாரை விட்டு விட்டு ஓட்டித் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினோம். புது ஊற்று வர வர நாற்றம் பாதியாகக் குறைந்தது. மீதிக்கு ப்ளீச்சிங் பவுடர்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றின் விட்டத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதையே அதோடு பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, கடைசியில் 22 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். ஆறடி விட்டம், பத்தடித் தண்ணீர் என்றால் 6 × 6 × 10 × 22, ஏறக்குறைய 8,000 லிட்டர். இப்படி ஒரு முறை அடித்துக் கழுவ லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும், ஆக 400 கிராம். நல்ல பவுடரில் முப்பது சதவீதம்தான் குளோரின் என்பதால் ஒன்றே கால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ பவுடர். வருடக் கணக்கில் வாய் திறந்து கிடந்த பொட்டலம் வெறும் சுண்ணாம்பு, அதை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றைச் சுற்றி ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு உள்ளே போக வேண்டாம். வாளியைப் போட்டு நன்றாகக் கலக்கி, மோட்டாரை ஓட்டி ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். ஒரு இரவு அப்படியே இருக்கட்டும். மறுநாள் அந்த வாடை போகும்வரை இறைத்து வெளியே விடுங்கள். இந்தத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள், கழிவறைத் தொட்டிக்கும் விடாதீர்கள். ஆசிட் பாட்டிலைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வருவது விஷவாயு. ஜிலேபிக் கெண்டை விட்டிருப்பவர்கள் முதலில் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். குழம்பு வைப்பது அவரவர் விருப்பம்.

எனக்கு அன்றைக்கு ஆன செலவு பவுடர், கரண்ட், ஒரு கயிறு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தூர் வாரினால் சரியாகும் என்று யாராவது ஒரு பையனை உள்ளே இறக்கப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் பார்த்தார்கள். "வடத்தைப் பிடிச்சு எறங்கி ரெண்டு கூடை சேத்தை அள்ளுனா முடிஞ்சிது, இதுக்குப் போயி பவுடரு கிவுடருன்னுட்டு" என்று சித்தப்பா கிளம்பிவிட்டார். நான் விடவில்லை. இந்த வாயு காற்றை விடக் கனமானது, கிணற்றுக்குள்ளேயே தங்கும். அடியில் சேற்றைக் கிளறினால் மொத்தமாகக் கிளம்பும். இன்னொரு கொடுமை, 100 பி.பி.எம். அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழ, மூன்றாவது ஆளும் இறங்க, இப்படிப் போன உயிர்கள் எத்தனை என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். விளக்கை இறக்கிப் பார்த்து அணையாவிட்டால் இறங்கலாம் என்பதையும் நம்பாதீர்கள். விளக்கு ஆக்சிஜன் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், விஷம் இருக்கிறதா என்று சொல்லாது. போதாததற்கு இது தீப்பிடிக்கிற வாயு. டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது இன்னொரு எமன். இறங்கியே ஆக வேண்டுமென்றால் வாயு பார்க்கிற கருவியும், வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஊதியும், மேலே கயிறு பிடிக்க ஆட்களும் வைத்திருக்கிறவர்களிடம் விடுங்கள். சித்தப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பரவாயில்லை.

ஆழ்துளைக் கிணறு வேறு கதை. சித்தப்பா வீட்டு போரில் பத்து வருடமாகக் கம்ப்ரசர் மோட்டார் ஓடியது. சத்தம் தாங்கவில்லை என்று சப்மெர்சிபிள் போட்டார். மறுநாளே தண்ணீர் நாற ஆரம்பித்தது. புது மோட்டாரை விற்றவரைப் போட்டு வறுத்தெடுத்துவிட்டார், பாவம். அவர்மேல் தப்பே இல்லை. கம்ப்ரசர் குழாய்க்குள் காற்றை அடித்துத் தண்ணீரைத் தள்ளுகிறது. வருகிற வழியிலேயே காற்று அந்த வாயுவைப் பிரித்துக்கொண்டு போய்விடும். அதுவரை நாற்றம் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சப்மெர்சிபிள் தண்ணீரை மூடிய குழாயிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

நிலத்தடியிலேயே வாயு இருந்தால் ப்ளீச்சிங் பவுடர் கொஞ்ச நாள்தான் தாங்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அதற்குக் காற்றுதான் மருந்து. மேல்தொட்டிக்குள் விழும் குழாயின் முனையை அடைத்து, வரிசையாக ஓட்டை போட்டு, தண்ணீர் ஷவர் மாதிரிச் சிதறி விழும்படி செய்தோம். மூடியில் கொசுவலை கட்டிய காற்றுத் துளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயு தொட்டிக்குள்ளேயே சுற்றும். சித்தப்பா வீட்டில் இதிலேயே முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்குத் தொட்டியில் கொஞ்சம் குளோரின். ஒரு மில்லிகிராம் வாயுவுக்கு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேலே தேவைப்படும். தண்ணீர் லேசாகப் பால் மாதிரி கலங்கினால் பயப்படாதீர்கள், அது கந்தகம் பிரிந்து நிற்பது.

அண்ணாச்சிக்குச் சொன்ன அந்த ஃபில்டர் என்னவென்று எழுதவில்லை. ஆர்.ஓ. என்றால் வேண்டவே வேண்டாம். அது உப்பைப் பிடிக்கும், கரைந்திருக்கும் வாயுவை விட்டுவிடும். கரித்தூள் ஃபில்டர் லேசான நாற்றத்துக்குச் சரி, அதிகமென்றால் சீக்கிரமே நிறைந்துவிடும். மாங்கனீஸ் பூசிய மணல் ஃபில்டர் கொஞ்சம் கனமான நாற்றத்தையும் தாங்கும், ஆனால் அவ்வப்போது மருந்து விட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் அதை யார் செய்வது?

நெல்லிக்கட்டை போடலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போடுவது நம் பெரியவர்கள் வழக்கம், எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த வாயுவை அது விரட்டாது. தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், நாற்றத்தை அல்ல.

பரிசோதனை பற்றி ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மருந்து ஏற்றிய தாள் போட்ட சின்ன பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்து, கறுத்தால் மலக் கிருமி என்று சொல்வார்கள். 1982இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த நல்ல முறை அது. அந்தக் கிருமிகளும் இதே வாயுவை உண்டாக்குவதால்தான் பாட்டில் கறுக்கிறது. ஆனால் உங்கள் தண்ணீரிலேயே வாயு இருந்தால், கிருமி இல்லாமலும் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். அதனால் அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கோலிஃபார்ம் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழிவறைத் தொட்டி கிணற்றுக்கு ஐம்பது அடிக்குள் இருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில், கிணறு முங்கிப் போனவர்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் இப்போதாவது பாருங்கள். சாக்கடைத் தண்ணீர் இறங்கினாலும் இதே மாதிரிதான் நாறும்.

கடைசியாக, நம் தெருவில் மட்டும் ஒன்பது வீடு பூட்டிக் கிடக்கிறது. வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைத் தென்னைக்கு விட மதினி வீட்டுத் தம்பி சம்மதித்திருக்கிறான். வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் கொடுக்கலாம் என்பது என் யோசனை. கிணற்று மேலே வலை போடும் செலவு அவரவருடையது. எங்கள் வீட்டுச் சாவி ஏற்கெனவே அவனிடம்தான் இருக்கிறது. சேர விரும்புகிறவர்கள் ஆடி பிறக்கும் முன் சொல்லிவிடுங்கள்.