பனியன் கம்பெனிக்கு போனா புள்ளைய எங்க உடறதுங்க?

கேள்வி: திருப்பூர்ல செக்கிங்ல (தெச்ச துணிய சரி பாக்கற வேல) இருக்கேனுங்க, ஷிப்ட்டுக்கு 400 ரூவா, பையனுக்கு ரெண்டு வயசு, ப்ளே ஸ்கூல்ல மாசம் 3500 கேக்கறாங்க அதும் சாயங்காலம் 6 மணி வரைக்குந்தான், ஒன்றரை ஷிப்ட் பாத்தா 8.30 ஆயிருதுங்க. பேசாம ஊட்லயே இருந்துக்கலாமா?

ஓவர்லாக் அக்கா: வேலைய உட்றாத கண்ணு. 30 பொம்பளைங்களுக்கு மேல வேல பாத்தா கம்பெனியே குழந்தைங்க காப்பகம் வெக்கோணும்னு 1948 தொழிற்சாலை சட்டத்துலயே இருந்துச்சு, 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது தொழிலாளர் சட்டத்துல ஆம்பள பொம்பள சேத்து 50 பேருக்கு மேலன்னு ஆயிருச்சு. எங்க கம்பெனில போர்டு மாட்டுன ரூமு இருக்கு, உள்ள பூரா அட்டப்பொட்டிதான். ஆடிட்னு சோதிக்க ஆளுங்க வர்ற அன்னிக்கு மட்டும் தொட்டில் பொம்மையெல்லாம் வெளிய வரும்!

அவிநாசிக்காரன்: அங்கன்வாடில காசில்லைங்க, சோறும் போடறாங்க, ஆனா சாயங்காலத்துக்கு மேல யாரு பாக்கறது. எங்க லைன் ஊட்ல நேபாளத்துக்காரங்க புருசன் பொண்டாட்டி இருக்காங்க, இந்தியாவும் நேபாளமும் போட்ட 1950 ஒப்பந்தத்தால அவங்களுக்கு விசா வேண்டியதில்ல, வந்தாச்சு, ஆனா பொண்ண ஊர்ல பாட்டிகிட்ட உட்டுட்டு ராத்திரி சோத்து தட்டு பக்கத்துல ஃபோன சாச்சு வெச்சு வீடியோ கால்ல பேசிட்டே சாப்புடுவாங்க. இங்க கூட்டிட்டு வந்தா ஒருத்தர் சம்பளம் போயிருமாமா.

கேட்டவர்: நாங்க எல்லாருஞ் சேந்தா 50க்கு மேலயே இருக்கோமுங்க்கா, சனிக்கெழம சம்பளம் வாங்கறப்ப சூப்பர்வைசர்கிட்ட கேட்டுப்பாக்கறேன்.