ரத்ததானப் பக்கத்தில் பதிவுகள் திடீரென நின்றுவிட்டன, பிழை 190. உதவி தேவை

வைகைக்கரை:

வணக்கம். எங்கள் ஊரில் ரத்ததானக் குழு ஒன்று வைத்திருக்கிறோம், பத்துப் பன்னிரண்டு பேர். ரத்தம் தேவைப்படுகிறவர்கள் எங்கள் வலைத்தளத்தில் ஒரு ஃபார்மை நிரப்புவார்கள், குழுவில் ஒருவர் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு 'சரி' என்று அழுத்தினால் உடனே அது ஃபேஸ்புக்கில் எங்கள் பக்கத்தில் பதிவாகிவிடும். கிராஃப் ஏபிஐ (நம் புரோகிராம் ஃபேஸ்புக்கோடு பேசுகிற வழி) மூலமாகத்தான் போடுகிறேன், எழுதியது பிஎச்பியில், அனுப்புவது கர்ல் என்ற கருவியால். நான் முழுநேர புரோகிராமர் இல்லை, ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன், இரவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு செய்தது இது.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன வியாழன் காலையிலிருந்து ஒரு பதிவும் போகவில்லை. எனக்குத் தெரிந்ததே வெள்ளி மாலைதான், அதுவும் ஒரு நோயாளியின் அண்ணன் போன் செய்து "நேற்றே ஃபார்ம் போட்டோம், உங்கள் பக்கத்தில் வரவே இல்லையே" என்று கேட்ட பிறகு. லாக்கை (புரோகிராம் எழுதி வைக்கும் குறிப்பை) திறந்தால் வரிக்கு வரி பிழை கோட் 190, அதன் உட்பிரிவாக சப்கோட் 463. ஃபேஸ்புக்கின் சோதனைப் பக்கமான கிராஃப் ஏபிஐ எக்ஸ்புளோரரில் புது டோக்கன் (பதிவு போட அனுமதி தரும் சாவி) எடுத்துப் போட்டேன், வேலை செய்தது, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே 190. இன்னொன்று எடுத்தேன், அதுவும் அப்படியே. இப்போது ஒவ்வொரு தேவைக்கும் நானே உட்கார்ந்து டோக்கன் மாற்றிக்கொண்டிருக்கிறேன், பகலில் மண்டியில் இருக்கும்போது அதுவும் முடியவில்லை.

கோட் செய்வது இவ்வளவுதான். சேமித்து வைத்த டோக்கனைக் கொண்டு 'மீ/அக்கவுண்ட்ஸ்' (நான் நிர்வகிக்கும் பக்கங்களின் பட்டியல்) கேட்டு, அதில் வரும் பக்க டோக்கனை எடுத்து, பக்கத்தின் 'ஃபீட்' முகவரிக்குச் செய்தியை அனுப்புகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் இதே வழிதான். கடைசியாகச் சரியாகப் போன பதிவை அப்படியே கீழே ஒட்டியிருக்கிறேன், எண்ணை மட்டும் நான் வெட்டிவிட்டேன். லாக் படமும் இணைத்திருக்கிறேன்.

"அவசரம். ஓ  ரத்தம் 2 யூனிட் தேவை. அரசு மருத்துவமனை, மகப்பேறு வார்டு. தொடர்புக்கு:  91....."

கோட்டைமேடு:

முதலில் அவசரமான ஒன்று. உங்கள் லாக் படத்தில் டோக்கனோடு ஆப் சீக்ரெட்டும் (உங்கள் ஆப்பின் ரகசியக் கடவுச்சொல்) முழுதாகத் தெரிந்தது. படத்தை நீக்கச் சொல்லி மட்டுறுத்துநரிடம் சொல்லிவிட்டேன், நீக்கியாயிற்று. ஆனாலும் யார் பார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும், ஆப் அமைப்புக்குள் போய் சீக்ரெட்டை இன்றே ரீசெட் செய்துவிடுங்கள். டோக்கன் காலாவதியாகிவிட்டது, அது பரவாயில்லை. சீக்ரெட் தானாகக் காலாவதி ஆகாது.

இப்போது உங்கள் பிழைக்கு வருவோம். 190 என்றால் டோக்கன் செல்லாது என்பது மட்டும்தான். எதனால் செல்லவில்லை என்பது சப்கோடில் இருக்கிறது. 463 காலம் முடிந்தது, 460 பாஸ்வேர்டு மாறியது, 458 அந்த நபர் ஆப்பையே தன் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். உங்களுடையது 463, ஆகவே யாரும் எதையும் மாற்றவில்லை, நாள் முடிந்துவிட்டது.

எக்ஸ்புளோரரில் நேரடியாக எடுப்பது குறுகிய கால டோக்கன், ஒன்று அல்லது இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதை ஆப் ஐடி, ஆப் சீக்ரெட்டோடு கொடுத்து மாற்றினால் 60 நாள் தாங்கும் டோக்கன் கிடைக்கும். தொடக்கத்தில் நீங்கள் ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து இந்த மாற்றலைச் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் சரியாக இரண்டு மாதம் ஓடியது. இரண்டுமே உங்கள் சொந்தக் கணக்கின் டோக்கன்கள், பக்கத்தின் டோக்கன் வேறு. 60 நாள் டோக்கனை வைத்து 'மீ/அக்கவுண்ட்ஸ்' கேட்டால் வருகிற பக்க டோக்கனுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. நீங்கள் அதை வாங்கி, ஒரு பதிவு போட்டு, தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்த பதிவுக்கு மறுபடி போய் வாங்குகிறீர்கள். வீட்டுச் சாவியைக் கையில் வாங்கியும் தினமும் பக்கத்து வீட்டில் கேட்டுக் கதவைத் திறக்கிற மாதிரி. ஒரே ஒருமுறை வாங்கி சர்வரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கொண்டே பதியுங்கள்.

வாங்கியதும், டோக்கனின் விவரம் காட்டும் ஃபேஸ்புக்கின் ஆக்சஸ் டோக்கன் டீபக்கரில் ஒட்டிப் பாருங்கள். 'டைப்' என்ற இடத்தில் 'பேஜ்' என்றும், 'எக்ஸ்பயர்ஸ்' என்ற இடத்தில் 'நெவர்' என்றும் வர வேண்டும். தேதி வந்தால், குறுகிய கால டோக்கனிலிருந்து வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கீழே 'டேட்டா ஆக்சஸ்' என்று சுமார் 90 நாளில் ஒரு தேதி தனியாக இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆனால் அந்தத் தேதிக்குள் ஒருமுறை ஆப்பில் லாகின் செய்து அனுமதியைப் புதுப்பிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், 'நெவர்' என்று வந்தாலும் நீங்கள் பாஸ்வேர்டு மாற்றினால் அந்தப் பக்க டோக்கனும் போய்விடும். நீங்கள் குழுவை விட்டு விலகி அட்மின் பொறுப்பு போனாலும் அதே கதை. பதிவுகள் ஒரு தனிமனிதரின் கணக்கை நம்பி நிற்கக் கூடாது என்றால் பிசினஸ் மேனேஜரில் (ஃபேஸ்புக்கில் நிறுவனங்கள் தங்கள் பக்கங்களை நிர்வகிக்கும் இடம்) பக்கத்தையும் ஆப்பையும் சேர்த்து ஒரு 'சிஸ்டம் யூசர்' (ஆளுக்கல்ல, புரோகிராமுக்கான கணக்கு) உருவாக்குங்கள். அதற்குக் காலாவதி இல்லாத டோக்கன் எடுக்கலாம், எந்த மனிதரின் பாஸ்வேர்டோடும் சம்பந்தம் இல்லை. கொஞ்சம் சுற்று வேலைதான், ஆனால் ரத்த விஷயத்துக்கு அதைச் செய்யத்தான் வேண்டும்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அண்ணா. சீக்ரெட் மாற்றிவிட்டேன், பக்க டோக்கனை எடுத்து வைத்துவிட்டேன், 'நெவர்' என்றே வருகிறது. காலையிலிருந்து மூன்று பதிவு தானாகப் போய்விட்டது. சிஸ்டம் யூசரை ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.

புதுமண்டபம்:

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். என் ஆப்பில் பிழையே வரவில்லை, பதிவு ஐடி கூடத் திரும்பி வருகிறது, நான் பார்த்தால் பதிவு இருக்கிறது. என் மனைவியின் போனில் பார்த்தால் இல்லை. இது எதனால்?

கோட்டைமேடு:

ஆப் 'டெவலப்மென்ட்' நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் ஆப் போடும் பதிவுகள், ஆப்பில் பொறுப்பு கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் தெரியும். தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு பக்கம் போட்டு அதன் முகவரியைக் கொடுத்து 'லைவ்' ஆக்குங்கள். பதிவு தெரிகிறதா என்று எப்போதும் சம்பந்தமில்லாத ஒருவர் போனில் பாருங்கள்.

நெல்லிமரம்:

வைகைக்கரை, டோக்கன் சரியானது நல்லது. ஆனால் நீங்கள் சரியாகப் போனதாகச் சொல்லி ஒட்டிய பதிவு சரியாகப் போகவில்லை. மறுபடி படித்துப் பாருங்கள். "ஓ  ரத்தம்", நடுவில் இரண்டு இடைவெளி. "தொடர்புக்கு:  91", அங்கேயும் இரண்டு இடைவெளி. ஃபார்மில் அவர்கள் எழுதியது "ஓ+ ரத்தம்" என்றும் "+91" என்றும் இருந்திருக்கும். கூட்டல் குறி இரண்டு இடத்திலும் காணாமல் போயிருக்கிறது. ஓ பாசிட்டிவா நெகட்டிவா என்று படிப்பவருக்குத் தெரியாது.

செய்தியை எப்படி அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். 'மெசேஜ்=' என்று எழுதி அதன் பின்னால் செய்தியைப் புள்ளி வைத்து ஒட்டி, ஒரே ஸ்டிரிங்காக (எழுத்துத் தொடராக) கர்லுக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்டிரிங்காகக் கொடுத்தால் கர்ல் அதை வலைத்தள ஃபார்ம் அனுப்புகிற முறையில் அனுப்பும், அந்த முறையில் கூட்டல் குறிக்கு இடைவெளி என்று பொருள். ஏபிஐ அதை விதிப்படி இடைவெளியாகவே படித்துக்கொள்கிறது. பிழை வராது, லாக்கில் எதுவும் பதியாது. தமிழ் எழுத்துகள் எல்லாம் அழகாகப் போய்ச் சேர்வதால் சந்தேகமும் வராது. கழித்தல் குறிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால் நெகட்டிவ் மட்டும் ஒழுங்காக வந்திருக்கும். செய்தியில் ஆம்பர்சண்ட் குறி (&) இருந்தால் இன்னும் மோசம், அதற்குப் பிறகு உள்ள அத்தனையும் வெட்டுப்பட்டுவிடும், மருத்துவமனைப் பெயரில் அது வருவது சகஜம்.

தீர்வு சின்னதுதான். செய்தி, டோக்கன் இரண்டையும் ஒரு அரேயில் (பெயரும் மதிப்புமான பட்டியலில்) வைத்து 'எச்டிடிபி_பில்ட்_குவெரி' என்ற பிஎச்பி ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். அது கூட்டலை %2பி என்றும் ஆம்பர்சண்டை %26 என்றும் மாற்றி அனுப்பும், அங்கே போய் பழையபடி விரியும்.

கோடைத் திருத்துவதோடு விடாதீர்கள். ரத்த வகையைக் குறியாகவே எழுதவிடாதீர்கள். ஃபார்மில் தேர்வுப் பட்டியல் வைத்து "ஓ பாசிட்டிவ்", "ஏ1 நெகட்டிவ்" என்று சொல்லாகவே போகட்டும். நம் பதிவை யாரோ பகிர்வார்கள், இன்னொருவர் தட்டச்சு செய்து வாட்ஸப்பில் போடுவார், வழியில் ஒரு சின்னக் குறி விழ எத்தனையோ இடம் இருக்கிறது.

வைகைக்கரை:

நீங்கள் சொன்னதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன். பாசிட்டிவ் கேட்ட பதிவு ஒன்றில்கூடக் குறி இல்லை, நெகட்டிவ் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு மாதமாகச் சிலர் போன் செய்து "பாசிட்டிவா, நெகட்டிவா" என்று கேட்டதை, அவர்கள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரத்த வங்கியில் வகை பார்த்து, பொருத்தம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள், நோயாளிக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஓ நெகட்டிவ் உள்ள ஒருவர் முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து, கேட்டது பாசிட்டிவ் என்று தெரிந்து திரும்பிப் போனதாக எங்கள் குழுப் பையன் சொன்னது இப்போதுதான் புரிகிறது. அவரிடம் பேசி மன்னிப்புக் கேட்டேன். கோடும் ஃபார்மும் மாற்றியாகிவிட்டது.

தாமரைக்குளம்:

நானும் ரத்ததானக் குழுவில்தான் இருக்கிறேன், அதனால் இரண்டு விஷயம். பதிவு போனதும் ஏபிஐ ஒரு ஐடி திருப்பித் தரும், அதை டேட்டாபேஸில் அந்தத் தேவைக்கு எதிரே எழுதி வையுங்கள். தேவை முடிந்ததும் அந்த ஐடிக்குப் புதிய செய்தியை அனுப்பினால் பதிவு திருத்தப்படும், முதல் வரியாக "தேவை முடிந்தது" என்று வந்துவிடும், தொடர்பு எண்ணையும் எடுத்துவிடலாம். எந்த ஆப் பதிந்ததோ அதே ஆப்தான் இப்படித் திருத்த முடியும், ஆகவே ஆப்பை மாற்றும்போது கவனம். பழைய பதிவு வருஷக்கணக்கில் பகிரப்பட்டு, நோயாளி இறந்த வீட்டுக்குக்கூட "ரத்தம் வேண்டுமா" என்று போன் போயிருக்கிறது. அந்த வீட்டில் போனை எடுத்தவரோடு பேசியவன் நான். தயவுசெய்து இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, தோல்வி அடைந்த பதிவை மறுபடி மறுபடி அனுப்புகிற கோட் வைத்திருந்தால் பிழை எண்ணைப் பார்த்துப் பிரியுங்கள். 1, 2 என்றால் தற்காலிகம், கொஞ்ச நேரம் விட்டு அனுப்பலாம். 4, 17, 32 என்றால் அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள், நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். 506 என்றால் இதே செய்தி முன்பே போய்விட்டது. 190க்கு மறுபடி அனுப்பிப் பயனே இல்லை, அது வந்த நொடியில் குழுவில் இரண்டு மூன்று பேருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும், அவர்கள் பக்கத்தில் கையாலேயே பதிந்துவிடலாம்.

வைகைக்கரை:

எஸ்எம்எஸ் இன்று வைத்துவிட்டேன், மூன்று பேருக்கு. டோக்கனில் வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றி சோதித்தேன், மூன்று போனும் அரை நிமிடத்துக்குள் அடித்தது. ஐடியைச் சேமிப்பதும் முடிந்தது. பழைய பதிவுகளின் ஐடி என்னிடம் இல்லை, பக்கத்தின் 'ஃபீட்' கேட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது.