பேட்மேன் மணிக்கூடு 18,500 ரூபாய், வாங்கலாமா விடலாமா?

கல்லடிப்_பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். சின்ன வயதில் இருந்தே எனக்கு சூப்பர்ஹீரோ பைத்தியம். கொமிக்ஸ், பொம்மை, ரீசேட் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி இப்போது மணிக்கூட்டில் வந்து நிற்கிறேன். வேலைக்குப் போகத் தொடங்கியதால் கையில் கொஞ்சம் காசும் புழங்குகிறது, அதுதான் பிரச்சினையே. பேஸ்புக்கில் கொழும்புப் பக்கம் ஒருவர் ஒரு பேட்மேன் மணிக்கூடு போட்டிருக்கிறார். முழுக் கறுப்பு, டயலில் வௌவால் சின்னம், உள்ளே மூன்று குட்டி வட்டங்கள், "லிமிடெட் எடிஷன்" என்று பெரிய எழுத்தில் எழுதி 18,500 ரூபாய் கேட்கிறார், அதையும் முதலிலேயே வங்கியில் போட வேண்டுமாம். இது ஒறிஜினலா கொப்பியா என்று எப்படிப் பார்ப்பது?

மற்றது, என் மாமா கட்டாரில் இருக்கிறார், சித்திரைக்கு வருகிறார். "ஒன்று சொல்லு மருமகன், வாங்கி வாறன்" என்கிறார். நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும், அவரை மொட்டை அடிக்கவும் கூடாது.

கடைசியாக, வாங்கினால் கட்டுவதா, பெட்டியிலேயே வைப்பதா? எங்கள் வீட்டில் இருந்து கடல் கூப்பிடு தூரம். இரும்புக் கேற்றே உப்புக் காற்றில் உதிர்கிறது, மணிக்கூடு என்ன பாடுபடுமோ தெரியாது.

---

கல்முனை_காக்கா:

தம்பி, முதலில் காசைப் போடாதீங்க. சாமான் கைக்கு வந்த பிறகு காசு என்றால் மட்டும் மேலே கதைக்கலாம்.

ஒறிஜினல் என்று நாங்கள் சொல்வது இரண்டு விசயம். ஒன்று, படத்துக்கு உரிமை வாங்கிச் செய்ததா. இரண்டு, உள்ளே ஓடும் மெசின் உருப்படியா. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. உரிமை வாங்கிச் செய்த மணிக்கூடு என்றால் பின்மூடியிலோ பெட்டியிலோ மார்வல் அல்லது டிசி பெயரும் உரிமைக் குறியும் இருக்கும், கூடவே மொடல் இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலோ பெரிய கடைகளிலோ அதே படம் வர வேண்டும். வராவிட்டால் கையைக் கழுவுங்க.

யாருக்கு யார் சொந்தம் என்று தெரிந்து வைத்தால் பாதிக் கொப்பி அங்கேயே பிடிபடும். மார்வலை டிஸ்னி 2009ல் வாங்கிவிட்டது. சிட்டிசன் கம்பெனி செய்யும் மார்வல் மணிக்கூடுகள் டிஸ்னியோடு செய்த ஒப்பந்தத்தில் வருபவை. பேட்மேன், சூப்பர்மேன் எல்லாம் டிசி, அது வார்னர் பக்கம். ஆகவே ஒருவன் "சிட்டிசன் மார்வல் பேட்மேன்" என்று விற்றால் அவனுக்கு மணிக்கூடும் தெரியாது, பேட்மேனும் தெரியாது.

இன்னொன்று. இணையத்தில் "பேட்மேன் வாச்" என்று தேடினால் நீலமும் கறுப்பும் கலந்த வளையம் உள்ள ரோலெக்ஸ் ஒன்று வந்து நிற்கும். 2013ல் வந்த, இரண்டு நாட்டு நேரம் காட்டும் அந்த ஜிஎம்டி மொடலுக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் அது, வௌவாலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 2010ல் வந்த ரோலெக்ஸின் பச்சை சப்மரீனர் மொடலுக்கு "ஹல்க்" என்று பெயர் விழுந்ததும் இப்படித்தான். அந்த நிறத்தைக் கொப்பி அடித்து "ஹல்க் லிமிடெட்" என்று விற்பவர்கள் நிறைய.

மாமாவுக்கு நான் சொல்வேன், சிட்டிசன் எக்கோ-டிரைவ் மார்வல். வெளிச்சத்தில் ஓடும், பற்றரி மாற்றும் தலையிடி இல்லை. விலை சில நூறு டொலர் வரும், அதனால் மாமாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்க, பிறகு விமான நிலையத்தில் வைத்து அவர் மயங்கக் கூடாது.

---

வெட்டிக்கதை_மன்னன்:

18,500 கொடுத்து வௌவால் கட்டுவதை விட, ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவில் கடை போடுவான்கள், அங்கே ஸ்பைடர்மேன் வாச் வாங்கலாம். மூடியைத் திறந்தால் லைட் அடித்துச் சுவரில் படம் காட்டும். உங்கட ரோலெக்ஸ் காட்டுமா?

---

வாச்_கடை_மகன் (ஏறாவூர்):

மன்னன், பகிடி சரி, ஆனால் அந்தத் திருவிழா வாச் பற்றி ஒரு விசயம் சொல்லியே ஆக வேண்டும். அதில் சிலவற்றின் பின்மூடி ஸ்குரூ இல்லாமல் நகத்தால் கிளப்பினாலே வந்துவிடும், உள்ளே பட்டன் பற்றரி. சின்னப் பிள்ளை அதை விழுங்கினால் தொண்டைக் குழாயில் சிக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே பொசுக்கத் தொடங்கும். விழுங்கியது போலச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிள்ளைக்கு வாங்கினால் ஸ்குரூ போட்ட மூடியாகப் பார்த்து வாங்குங்க.

கல்லடித் தம்பிக்கு: வாப்பாவின் கடையில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். சூப்பர்ஹீரோ மணிக்கூடுகளில் பெரும்பாலானவை குவார்ட்ஸ், அதாவது பற்றரியில் ஓடுபவை. நல்லதில் சிட்டிசனின் மியோட்டா மாதிரி ஜப்பான் மெசின் இருக்கும். மியோட்டா 2035 என்று ஒன்று, உலகம் முழுக்க மலிவு மணிக்கூடுகளில் அதுதான், மாதத்துக்கு 20 செக்கன் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். கொப்பியில் பெயரே இல்லாத மெசின், பிளாஸ்டிக் வளையத்துக்குள் ஆடிக்கொண்டு கிடக்கும்.

நீங்கள் சொன்ன அந்த மூன்று குட்டி வட்டம்தான் எனக்கு இடிக்கிறது. அது ஓடுகிறதா, வெறும் படமா? விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்க, வலப்பக்கத்தில் மேல் பட்டனை அமத்திக் காட்டச் சொல்லுங்க. உண்மையான குரோனோகிராப் (ஸ்டொப்வாச் உள்ள மணிக்கூடு) என்றால் ஒரு முள் ஓடத் தொடங்கும், திரும்ப அமத்தினால் நிற்கும், கீழ்ப் பட்டனை அமத்தினால் பூச்சியத்துக்கு வரும். படம் என்றால் பட்டனே அமராது.

டயலையும் போன் கமராவால் கிட்ட எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நல்ல அச்சில் வௌவாலின் காது நுனி கத்தி போல நிற்கும். கொம்பியூட்டரில் அடித்து ஒட்டியது என்றால் ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

---

கல்லடிப்_பெடியன்:

காக்காவுக்கும் நானாவுக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன். வீடியோ வரவில்லை, "தம்பி நம்பினால் வாங்குங்க, இன்னும் மூன்று பேர் கேட்கிறாங்க" என்று பதில் வந்தது. படம் மட்டும் அனுப்பினார். பின்மூடியில் "ஸ்ரெயின்லெஸ் ஸ்டீல் பாக்", "வோட்டர் ரெசிஸ்டன்ட்" இரண்டும்தான், டிசி பெயரே இல்லை, மொடல் இலக்கமும் இல்லை. மூன்று வட்டத்து முள்ளும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கிறது.

---

கல்முனை_காக்கா:

முடிந்தது கதை. அந்த மூன்று பேர் வாங்கட்டும்.

---

திருக்கோவில்_ரீச்சர்:

நானும் சேர்க்கிறவள்தான், பெண்கள் இங்கே குறைவு போலத் தெரிகிறது. கட்டுவதா பெட்டியில் வைப்பதா என்ற கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீங்க, அதனால் எழுதுகிறேன்.

என் பக்கம் பெட்டிதான். 90களில் ஃபொசில் கம்பெனி தகரப் பெட்டியில் போட்டு விற்ற டிசி மணிக்கூடு ஒன்று அண்ணா லண்டனில் இருந்து கொண்டுவந்தது என்னிடம் இருக்கு. தகரம், உள்ளே வைத்த கடுதாசி, விலைச்சீட்டு எல்லாம் அப்படியே இருக்கு. பழசு சேர்க்கிறவர்கள் முதலில் கேட்பது "பெட்டி இருக்கா" என்றுதான், மணிக்கூடு ஓடுதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கட்டிக் கீறல் விழுந்தால் விற்கும்போது பாதி விலை.

ஆனால் பெட்டியில் வைக்கிறதென்றால் ஓடாத மணிக்கூட்டின் பற்றரியை முதலில் கழட்டி எடுத்துவிடுங்க. செத்த பற்றரி உள்ளே கிடந்து ஒழுகினால் மெசின் பச்சை பிடித்துப் போகும். எனது தகரப்பெட்டிக்காரர் பற்றரி இல்லாமல்தான் நித்திரை கொள்கிறார்.

---

வாச்_கடை_மகன் (ஏறாவூர்):

ரீச்சர், பற்றரி விசயத்தில் முழுச் சம்மதம். பெட்டி விசயத்தில்தான் ஒத்துவரவில்லை, குறை நினைக்க வேண்டாம்.

எங்கள் பக்கம் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி, மார்கழி தையில் மழை பிடித்தால் அலுமாரிக்குள் உடுப்பே பூஞ்சணம் பிடிக்கிறது. மூடிய பெட்டிக்குள் தோல் பட்டி வெள்ளை பூக்கும். பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பட்டி இன்னும் மோசம், காற்றில் உள்ள ஈரமே அதை உள்ளுக்குள் அரித்துவிடும், கட்டாமலே வைத்திருந்தாலும் சில வருசத்தில் கையில் ஒட்டும், பிறகு பிய்ந்து விழும். அந்த ஒட்டலைக் கழுவி எடுக்க ஏலாது. பெட்டியில் வைக்கிறதென்றால் பட்டியைக் கழட்டித் தனியாக வைங்க, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க, மழைக்காலம் முடிய அதை மாத்துங்க. கட்டுவதற்கு சிலிக்கோன் அல்லது நைலோன் பட்டி போட்டால் உப்பும் வேர்வையும் ஒன்றும் செய்யாது, பைப் தண்ணியில் கழுவிக் காயவிட்டால் போதும்.

எக்கோ-டிரைவை மட்டும் இருட்டில் வைக்கவே கூடாது. முழுச் சார்ஜில் பொதுவாக ஆறு மாதம் ஓடும், அதற்குப் பிறகு பட்டினி. செக்கன் முள் ஒவ்வொரு செக்கனாக நகராமல் இரண்டு இரண்டாகப் பாயத் தொடங்கினால் வெளிச்சம் கேட்கிறது என்று அர்த்தம். ஜன்னலோரம் வைங்க, வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைக்காதீங்க, சூடு அதைக் கொல்லும்.

சாதாரண பற்றரி மாற்றும்போதும் கவனம். 626 அளவில் 377 என்று எழுதிய சில்வர் ஒக்சைட் போடச் சொல்லுங்க. அதே அளவில் மலிவு அல்கலைன் வரும், பொருந்தும், ஓடும், ஆனால் கெதியாக இறங்கும், ஒழுகவும் வாய்ப்பு அதிகம்.

---

கல்முனை_காக்கா:

பெட்டிக் கட்சிக்கு நானும் எதிர்தான் ரீச்சர், காரணம் வேறு. இங்கர்சோல் கம்பெனி 1933ல் மிக்கி மவுஸ் மணிக்கூடு போட்டது, சூப்பர்மேன் 1938ல் கொமிக்ஸில் வந்த பிறகு அவருக்கும் மணிக்கூடு வந்தது. அவை இன்று விலைபோவதற்குக் காரணம், அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு கிணற்றடியிலும் மரத்திலும் திரிந்து உடைத்துத் தொலைத்தார்கள், மிஞ்சியது கொஞ்சம். இன்று ஆயிரக்கணக்கில் அடித்து இலக்கம் போட்டு "லிமிடெட்" என்று விற்கிறான், வாங்கிய எல்லோரும் பெட்டியைத் திறக்காமல் வைக்கிறோம். எல்லோரிடமும் புதிதாக இருக்கிற சாமானுக்கு இருபது வருசத்தில் யார் கூடக் காசு தருவான்?

உண்மையில் குறைவாகச் செய்தது என்றால் ஓடமார் பிகே என்ற விலை கூடிய சுவிஸ் கம்பெனி 2021ல் போட்ட பிளாக் பாந்தர், 250தான். வெள்ளைத் தங்கத்தில் உருவத்தைச் செதுக்கிக் கையால் நிறம் பூசியது. ஒன்றே ஒன்றாகச் செய்த இன்னொன்றை ஏலத்தில் 5.2 மில்லியன் டொலருக்கு எடுத்தார்கள். 2023ல் ஸ்பைடர்மேனும் அதே 250. அதெல்லாம் நமக்குப் பார்த்துப் பெருமூச்சு விட மட்டும்.

---

திருக்கோவில்_ரீச்சர்:

விற்கவா வைத்திருக்கிறேன் என்று கேட்டால் அதுவும் இல்லைதான் காக்கா. ஆனாலும் கட்ட மாட்டேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடாதுகள். சிலிக்கா ஜெல் இன்றைக்கே போடுகிறேன்.

---

கல்லடிப்_பெடியன்:

மாமாவிடம் எக்கோ-டிரைவ் மார்வல் என்று சொல்லிவிட்டேன், கப்டன் அமெரிக்காவா ஸ்பைடர்மேனா என்பது அங்கே கடையில் எது இருக்கிறதோ அதைப் பொறுத்து. அவர் இன்விக்டா கம்பெனியின் பெரிய சூப்பர்ஹீரோ ஒன்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், 50 மில்லிமீற்றராம், விலையும் குறைவு. என் கை மெலிசு. அது சரிவருமா?

---

வாச்_கடை_மகன் (ஏறாவூர்):

ஒரு மட்டையில் 50 மில்லிமீற்றர் வட்டம் வெட்டி, மேலும் கீழும் பட்டி பூட்டும் காது இரண்டுக்கும் கொஞ்சம் நீட்டி விட்டு, மணிக்கட்டில் வைத்துப் பாருங்க தம்பி. காது கையின் அகலத்தைத் தாண்டி வெளியே நின்றால் வேண்டாம், மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹாண்டிலில் முட்டிக்கொண்டே இருக்கும். 40, 42 அளவுதான் மெலிந்த கைக்கு அழகு. மாமாவிடம் பட்டியில் கழட்டும் கண்ணித் துண்டுகளையும் கடையில் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்க, சுருக்கியது அங்கேயே விட்டுவிட்டு வந்தால் பிறகு இங்கே தேடி எடுக்க முடியாது.