புதுப்பிப்பு: கட்டம் சிதறிய குறுக்கெழுத்துப் புத்தகம்

என் குறுக்கெழுத்துத் தொடரின் முதல் பாகத்தில் கட்டங்கள் சிதறுகின்றன என்று போன மாதம் புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டது. 'வாழைப்பழம்' நமக்கு 6 எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 10 குறி. மென்பொருள் துணைக்காலுக்கும் புள்ளிக்கும்கூடத் தனிக் கட்டம் போட்டிருக்கிறது! எழுத்தெழுத்தாகப் பிரிக்கச் சின்ன நிரல் எழுதினேன், சரியாகிவிட்டது.

அப்புறம், ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கக் காசு உண்டா என்று கேட்டவர்களுக்கு: இந்தியாவில் அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசம்தான், ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண். இடைத்தரகரிடம் காசைக் கொடுத்த புத்திசாலி நான்.

16 பக்கம் கொண்ட ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகும் பக்கத் தொகுதி) கணக்கில் புத்தகம் மொத்தம் 96 பக்கம். பிழை பார்ப்பதற்கான மெய்ப்புப் பிரதி நேற்று வந்தது. அம்மா பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். பத்தே நிமிடம்: "குளம் வரவேண்டிய இடத்தில குலம்னு இருக்கே?" அச்சகத்துக்கு மறுபடி போன் போட்டேன்.