உதவி: என்எஃப்எல் டிராஃப்ட் கணிப்பு மாடல் சோதனையில் பிரமாதம், 2025க்கு மட்டும் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளுகிறது

பனங்காடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில், எந்தக் கல்லூரி வீரர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுவார் என்று கணிக்க ஒரு மாடல் கட்டி வருகிறேன். என்எஃப்எல்வெர்ஸ் என்ற திறந்த தரவுத் தொகுப்பின் டிராஃப்ட் அட்டவணை, கம்பைன் (டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் சோதனை) அட்டவணை, கல்லூரி ஆட்டப் புள்ளிவிவரம், மாக் டிராஃப்ட்களில் (செய்தியாளர்கள் முன்கூட்டியே வெளியிடும் கணிப்புப் பட்டியல்கள்) அந்த வீரருக்குக் கிடைத்த சராசரி இடம் ஆகியவைதான் உள்ளீடு. எக்ஸ்ஜிபூஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் முறை) ரிக்ரெஷன், அதாவது ஒரே எண்ணைக் கணிப்பது. விடை 1 முதல் சுமார் 260 வரை ஓர் எண்.

2010 முதல் 2024 வரையான வீரர்களைக் கலைத்து, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு வைத்தேன். தரவரிசை ஒட்டுறவு (கணித்த வரிசை உண்மை வரிசையோடு ஒத்துப்போகும் அளவு) மிக நன்றாக வந்தது. 2025ஐக் கொடுத்தால் நிலைமை தலைகீழ். ஒருவர்கூட முதல் சுற்றுக்குள் வரவில்லை. முதல் ஆளாகப் போன கேம் வார்டுக்கே இரண்டாம் சுற்று எண்தான் வருகிறது. பலருக்கு ஏறத்தாழ ஒரே எண். சரி, வரிசையையாவது பார்ப்போம் என்றால் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஷெடூர் சாண்டர்ஸ் முதல் பத்துக்குள் நிற்கிறார். அவர் போனது 144ஆவது ஆளாக, ஐந்தாம் சுற்றில்.

மரத்தின் ஆழம், கற்றல் வேகம் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று, பலனில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

கீழவீதி

டியூனிங்கை (அமைப்பு எண்களை மாற்றிப் பார்ப்பதை) நிறுத்துங்கள், பிரச்சினை அங்கே இல்லை. டிராஃப்ட் அட்டவணையை அப்படியே உள்ளே கொடுத்தீர்களா? எந்தெந்த நெடுவரிசை போகிறது என்று ஒட்டுங்கள்.

பனங்காடு

பெயர், கல்லூரி தவிர எண்ணாக இருக்கும் எல்லாமே போகிறது. வயது, விளையாடிய ஆட்டங்கள், ப்ரோ பவுல், ஆல்-ப்ரோ (இரண்டும் என்எஃப்எல்லில் சிறந்த வீரர்களுக்கான கௌரவங்கள்), தொடக்க வீரராக ஆடிய சீசன்கள், கரியர் மதிப்பு (வீரரின் மொத்தப் பங்களிப்பைக் காட்டும் எண்). எடுத்த அணியின் பெயரையும் குறியீடாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

கீழவீதி

அதுதான் காரணம். ப்ரோ பவுல், ஆட்ட எண்ணிக்கை, கரியர் மதிப்பு எல்லாம் டிராஃப்ட் முடிந்த பிறகு அந்த வீரர் வாழ்ந்த வாழ்க்கை. டிராஃப்ட் நாள் காலையில் அவை இருக்கவே இருக்காது. முதல் சுற்றில் வந்தவருக்கு அணிகள் நிறைய வாய்ப்புத் தரும், அதனால் அவருடைய ஆட்ட எண்ணிக்கை உயரும். மாடல் இதைத் திருப்பிப் படித்துக்கொண்டு, "நிறைய ஆடியவர் முன்னால் போனவர்" என்று கற்றுக்கொண்டது. 2025 வீரர்களுக்கு அந்தக் கட்டங்கள் ஏறக்குறைய காலி. எனவே எல்லாரையும் பின்னால் போகிற ஆட்களாகப் பார்க்கிறது.

அணியின் பெயரையும் எடுத்துவிடுங்கள். யார் எடுத்தார்கள் என்பது விடையின் ஒரு பகுதி. உள்ளீட்டில் அதற்கு இடமில்லை.

அடுத்தது, கலைத்துப் பிரித்தது. ஒரே ஆண்டின் வீரர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டியிடுகிறவர்கள். 2021இல் பாதிப் பேரைப் பயிற்சியில் பார்த்துவிட்டால், மீதிப் பேருக்கு எந்த இடங்கள் காலி என்பது மாடலுக்குத் தெரிந்துபோகும். முழு ஆண்டாக ஒதுக்குங்கள்: 2010 முதல் 2020 வரை பயிற்சி, 2021 சோதனை, பிறகு ஓர் ஆண்டு நகர்த்தி 2022 சோதனை.

மாக் சராசரியிலும் தேதியைப் பாருங்கள். டிராஃப்ட் நாளன்று மாலை வெளியான மாக்கும் பிப்ரவரியில் வந்ததும் ஒன்றல்ல. டிராஃப்டை ஒட்டி வந்தவை கடைசி நேரச் செய்தியைச் சுமந்து வரும். எந்தத் தேதி நிலவரத்தில் கணிக்கிறீர்களோ அதற்குப் பிறகு வந்த எதுவும் உள்ளே போகக் கூடாது.

மழைக்காலம்

கம்பைன் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். 40 கெஜ ஓட்ட நேரம் இல்லாதவர்களுக்குச் சராசரியை நிரப்பியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அதை உடனே மாற்றுங்கள். ஓடாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. மார்வின் ஹாரிசன் ஜூனியர் 2024இல் கம்பைனிலும் ஓடவில்லை, கல்லூரியின் ப்ரோ டேயிலும் (கல்லூரியே நடத்தும் திறன் சோதனை நாள்) ஓடவில்லை. இருந்தும் 4ஆவது ஆளாக அரிசோனாவுக்குப் போனார். இடம் உறுதி என்றால் எதற்கு ஓடுவது? காயத்தால் ஓடாதவரும் இருப்பார். "ஓடினாரா, இல்லையா" என்பதைத் தனி நெடுவரிசையாக வையுங்கள். எக்ஸ்ஜிபூஸ்ட் காலிக் கட்டத்தைத் தானே கையாளும், சராசரியை நிரப்பத் தேவையில்லை.

ஓட்ட நேரத்துக்கு அதிக எடை போகாமலும் பாருங்கள். ஜான் ராஸ் 2017இல் 4.22 விநாடியில் ஓடி 9ஆவதாகப் போனார். சேவியர் வொர்தி 2024இல் 4.21 ஓடி அந்தச் சாதனையை முறியடித்தும் 28ஆவதாகத்தான் போனார்.

இன்னொன்று: டிராஃப்ட் அட்டவணையில் எடுக்கப்பட்டவர்கள் மட்டுமே இருப்பார்கள். யாரும் எடுக்காமல் விட்டவர்களையும் மாடல் பார்த்தாக வேண்டும். கம்பைன் அட்டவணையில் அவர்கள் இருப்பார்கள், இரண்டையும் சேர்த்து ஒரே பட்டியலாக்குங்கள்.

வடக்குவாசல்

என் கருத்து வேறு. சாண்டர்ஸ் ஐந்தாம் சுற்றுக்குப் போவார் என்று எந்த மாடலும் சொல்லியிருக்காது. 2024இல் அட்லாண்டா, குவாட்டர்பேக் கர்க் கசின்ஸுடன் பெரிய ஒப்பந்தம் போட்ட அடுத்த மாதமே 8ஆவது இடத்தில் இன்னொரு குவாட்டர்பேக்கான மைக்கேல் பெனிக்ஸை எடுத்தது. இதெல்லாம் நான்கு பேர் மூடிய அறைக்குள் எடுக்கும் முடிவு. இதற்கு எக்ஸ்ஜிபூஸ்ட் எதற்கு? ஒவ்வொரு அணியையும் தினமும் பின்தொடரும் செய்தியாளர்களைப் படித்தாலே போதும்.

கீழவீதி

144 என்ற எண்ணை யாராலும் சொல்லியிருக்க முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சறுக்க வாய்ப்பு உண்டு என்பதை மாடல் காட்டியிருக்க முடியும். காட்டாததற்குக் காரணம் ரிக்ரெஷன் என்ற அமைப்பு.

குவாட்டர்பேக்கின் கணக்கு மற்றவர்களைப் போன்றதல்ல. ஒரு லைன்மேனை (முன்வரிசையில் மோதும் வீரர்) எந்த அணியும் எடுக்கலாம். குவாட்டர்பேக் தேவைப்படும் அணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2025இல் டென்னஸி வார்டை எடுத்தது. ஜயன்ட்ஸ் 3ஆவதில் அப்துல் கார்ட்டரை எடுத்துவிட்டு, பிறகு 25க்கு ஏறி வந்து ஜாக்ஸன் டார்ட்டை எடுத்தது. நியூ ஆர்லியன்ஸ் 9ஆவதில் கெல்வின் பேங்க்ஸ், 40ஆவதில் டைலர் ஷக். பிட்ஸ்பர்க் 21ஆவதில் டெரிக் ஹார்மன். இவர்களில் கார்ட்டர், பேங்க்ஸ், ஹார்மன் மூவரும் குவாட்டர்பேக் அல்ல. ஒவ்வொரு கதவும் மூடியபோது அடுத்த கதவு வெகு தொலைவில் இருந்தது. சாண்டர்ஸை எடுத்த கிளீவ்லாண்டே அதற்கு முன் 94ஆவதில் இன்னொரு குவாட்டர்பேக்கான டில்லன் கேப்ரியலை எடுத்திருந்தது.

ஆக அவருடைய சாத்தியங்கள் இரண்டு குவியலாக இருந்தன: முதல் சுற்றில் ஒன்று, வெகு கீழே இன்னொன்று. ரிக்ரெஷன் இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைத் தரும், அங்கே அவருக்காக எந்த அணியும் காத்திருக்காது. இது புதிதும் அல்ல. 2022இல் பல மாக்குகளில் முதல் சுற்றில் இருந்த குவாட்டர்பேக் மலிக் வில்லிஸ் 86ஆவதாகப் போனார். 2023இல் இன்னொரு குவாட்டர்பேக் வில் லீவிஸ் 33. அவரைப் பொறுத்தவரை, டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு ஒரு ரெடிட் பதிவை ஒட்டி, பந்தயச் சந்தையில் முதல் ஆளாகப் போகும் வாய்ப்பே திடீரென ஏறியது. பந்தய விலையை உள்ளீடாகச் சேர்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பனங்காடு, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஓர் எண்ணைக் கணிப்பதை விட்டுவிட்டு, டிராஃப்டையே ஓட்டிப் பாருங்கள். பிளாக்கெட்–லூஸ் என்ற தரவரிசை நிகழ்தகவு முறையில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வலிமை எண் கிடைக்கும். 1ஆவது இடத்தில் இருக்கும் அணி, எஞ்சியவர்களிலிருந்து அந்த வலிமைக்கு ஏற்ற வாய்ப்பில் ஒருவரை எடுக்கிறது, அவர் பட்டியலிலிருந்து நீங்குகிறார், அடுத்த அணி. வலிமையை அணியின் தேவையால் பெருக்குங்கள். குவாட்டர்பேக்குக்கு மட்டும் தேவை இல்லாத அணியில் பெருக்கலைப் பூஜ்யத்துக்கு அருகில் வையுங்கள், முழுப் பூஜ்யமாக வேண்டாம். வடக்குவாசல் சொன்ன பெனிக்ஸ் போன்ற முடிவுகள் அந்த இடைவெளியில்தான் வரும். இதைப் பத்தாயிரம் தடவை ஓட்டினால் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பரவல் கிடைக்கும்.

செய்தியாளர்களின் கணிப்பும் மாக் சராசரி வழியாக உள்ளேதான் வருகிறது. ஆனால் நூறு மாக் என்றால் நூறு தனிக் கருத்து ஆகாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் திருத்திக்கொள்கிறார்கள். அதனால் பரவலைக் கொஞ்சம் அகலமாகவே வையுங்கள்.

மதிப்பிடும்போது ஒட்டுறவை நம்பாதீர்கள். 257 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டால் முதல் சுற்று ஆளையும் ஏழாம் சுற்று ஆளையும் பிரித்ததற்கே நல்ல எண் வந்துவிடும். "முதல் 32க்குள் வருவாரா" என்ற வாய்ப்புக்கு பிரையர் ஸ்கோர் (சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள பிழையின் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) போட்டு, முந்தைய நாள் மாக் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

பனங்காடு

மிக்க நன்றி அண்ணா. டிராஃப்டுக்குப் பிந்தைய நெடுவரிசைகளையும் அணிப் பெயரையும் நீக்கி, ஆண்டுவாரியாகப் பிரித்தேன். சோதனை ஒட்டுறவு நன்றாகவே இறங்கியது, ஆனால் 2025இலும் அதே அளவில் நிற்கிறது. ஓட்டிப் பார்க்கும் முறையில் சாண்டர்ஸுக்கு நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு குவியல் தெரிகிறது. மழைக்காலம், "ஓடினாரா" நெடுவரிசை ரிசீவர்களுக்கு (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) நன்றாக வேலை செய்கிறது.

ஒரு சந்தேகம் பாக்கி. அணிகள் இடத்தை மாற்றிக்கொள்வதை எப்படிச் சேர்ப்பது? 2025இல் ஜாக்ஸன்வில் 5லிருந்து 2க்கு ஏறி டிராவிஸ் ஹன்டரை எடுத்தது. என் ஓட்டத்தில் அது நடக்கவே நடக்காது.

மழைக்காலம்

எல்லா மாற்றத்தையும் மாடலாக்கப் போனால் முடிவே வராது. முதல் சுற்றுக்கு மட்டும் வையுங்கள். ஒவ்வொரு டிராஃப்ட் இடத்துக்கும் ஒரு மதிப்புப் புள்ளி தரும் ஜிம்மி ஜான்சன் அட்டவணையில் 1ஆவது இடத்துக்கு 3000 புள்ளி, 2க்கு 2600, 3க்கு 2200, 5க்கு 1700. ஓர் அணி ஏறி வர எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு இது போதுமான தோராயம். ஒவ்வோர் இடத்திலும் இப்படிக் கேளுங்கள்: பின்னால் நிற்கும் அணிக்கு, எஞ்சியவர்களில் முதல் ஆள்மேல் உள்ள விருப்பம், இப்போது எடுக்க வேண்டிய அணியின் விருப்பத்தைவிட மிக அதிகமா? ஆம் என்றால் ஒரு சிறு வாய்ப்பில் இடத்தை மாற்றுங்கள். அந்த வாய்ப்பின் அளவைப் பழைய டிராஃப்ட்களின் முதல் சுற்று மாற்றங்களிலிருந்து எடுக்கலாம். குவாட்டர்பேக்குக்குத் தனி அளவு வையுங்கள்: 2017இல் சிகாகோ மிட்செல் ட்ருபிஸ்கிக்காக 3லிருந்து 2க்கு, ஒரே ஓர் இடம் ஏற, மேற்கொண்டு மூன்று தேர்வுகளைக் கொடுத்தது. அதே முதல் சுற்றில் கன்சாஸ் சிட்டி பேட்ரிக் மஹோம்ஸுக்காக 27லிருந்து 10க்கு ஏறியது.