மறுமொழி: ‘பேக் கம்ப்ரஷன்’: ஓட்டுநர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அல்சூரிலிருந்து, கையேட்டுத் தொகுப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளிலிருந்து பெங்களூருக்குச் சரக்கேற்றி வரும் ஓட்டுநர்களுக்காக டீசல் எஞ்சின் கையேடு ஒன்றைத் தொகுத்து வருவது உங்களுக்குத் தெரியும். எஞ்சின் எண்ணெய் குறைவது பற்றிய அதிகாரம் ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எரியறையின் அழுத்த வாயு பிஸ்டன் வளையங்களைக் கடந்து, வணரித்தண்டு சுழலும் கீழறையான வணரிக்கூட்டுக்குள் (கிராங்க்கேஸ்) இறங்குவதைப் பொறியியல் நூல்கள் ப்ளோ-பை என்கின்றன. பட்டறைகளில் அதற்குப் பேக் கம்ப்ரஷன் என்று பெயர். வரைவில் ‘வளையக் கசிவு’ என்று எழுதியிருக்கிறேன். ‘எண்ணெய் நுகர்வு’ என்ற தொடரும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் கருத்து வேண்டும்.

யஷ்வந்தபுரம் லாரி முனையத்துக்கு அருகிலிருந்து, பட்டறைக்காரர்:

> வரைவில் ‘வளையக் கசிவு’ என்று எழுதியிருக்கிறேன்.

இதை மட்டும் அச்சில் ஏற்றிவிடாதீர்கள் அம்மா. வளையம்தான் குற்றவாளி என்று நூலே தீர்ப்பு எழுதிவிடும். லாரிக்காரர் லட்சக்கணக்கில் செலவழித்து எஞ்சினைப் பிரிப்பார்.

ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவது என்ன? எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறது. மூடியைக் கவிழ்த்து வைத்தால் துள்ளுகிறது. வணரிக்கூட்டின் வாயுவை வெளியே விடும் ப்ரீதர் குழாயில் எண்ணெய்த் துளியோடு காற்று அடிக்கிறது. அந்தக் காற்று வளையத்தைத் தாண்டித்தான் வந்தது என்பதற்கு இதில் எந்தச் சான்றும் இல்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் வணரிக்கூட்டில்தான் இறங்குகிறது. டர்போவின் சீல் தேய்ந்தால் அழுத்த வாயுவும் அதே வழியாக இறங்கும். பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸருக்கும் எஞ்சின் எண்ணெய்தான் உயவு. அதன் வளையங்கள் தேய்ந்தால் அந்தக் காற்றும் அங்கேயே சேரும். வால்வின் தண்டைத் தாங்கும் வால்வு கைடு தேய்ந்திருந்தால் வெளியேற்று வாயு வால்வின் தண்டை ஒட்டி மேல்மூடிக்குள் புகுந்து, எண்ணெய் வடியும் துளைகள் வழியாகக் கீழே வரும். எல்லாம் ஒரே ப்ரீதரில்தான் வெளியே தலைகாட்டுகின்றன.

பிரித்தறிவதும் பெரிய வித்தை இல்லை. காற்றுத் தொட்டி நிரம்பிக் கம்ப்ரஸர் காற்றடைப்பதை நிறுத்தியதும் ப்ரீதர் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கினால் முதலில் கம்ப்ரஸரைச் சந்தேகிக்கலாம். தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்தால் தண்ணீரோடு கறுத்த எண்ணெயும் கொட்டுகிறதா என்பது அடுத்த சான்று. வேறோர் ஊரில் ‘ரிங் போய்விட்டது’ என்று சொல்லி எஞ்சினை இறக்க நாள் குறித்திருந்த சங்ககிரி லாரி ஒன்று எங்களிடம் வந்தது. கம்ப்ரஸரை மாற்றியதோடு சரி, இன்றும் ஹூப்ளிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

‘பேக் கம்ப்ரஷன்’ என்ற பெயரையும் நான் தாங்கிப் பேசமாட்டேன். அதில் எதுவும் பின்னால் போவதில்லை. அழுத்தம் கீழே தப்பிப் போகிறது.

‘எண்ணெய் நுகர்வு’ பற்றி: வேண்டாம். எண்ணெய் எரிந்தும் குறையலாம், ஒழுகியும் குறையலாம், ஆயில் கூலர் ஓட்டையானால் தண்ணீரில் கலந்தும் குறையலாம். ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் ரேடியேட்டரில்தான் எண்ணெய்ப் படலம் தெரியும். இந்த மூன்றையும் ‘நுகர்வு’ என்று மூட்டை கட்டினால் யாருக்குப் பயன்? ‘எண்ணெய்க் குறைவு’ என்று தலைப்பிட்டு, உள்ளே எரிவு, ஒழுக்கு, கலப்பு என்று பிரியுங்கள். குறைவை டீசலோடு ஒப்பிட்டுச் சொன்னால் ஓட்டுநருக்குக் கணக்கு பிடிபடும்: ஆயிரம் லிட்டர் டீசலுக்கு இரண்டு லிட்டர் எண்ணெய் என்றால் 0.2 விழுக்காடு. அளவுகோல் காட்டும் மட்டம் ஏறினால் மகிழ வேண்டாம் என்றும் எழுதுங்கள். எண்ணெயில் டீசலோ தண்ணீரோ இறங்கியிருக்கலாம். அது உண்மையான குறைவையும் மறைத்துவிடும்.

சிவாஜிநகரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பட்டறைத் தம்பியின் வாதம் எனக்குப் பிடித்தது. காரணத்தை முடிவு செய்யாத சொல் வேண்டும் என்கிறார். அப்படியானால் வாயு எங்கே போகிறதோ அதைக் கொண்டு பெயரிடலாமே. ‘கீழ்வளி’ என்று வைக்கலாம். சுருக்கமானது, சந்தியும் நயமாக இருக்கிறது. அழுத்தம் தண்ணீருக்குள் போனால் ‘நீர்புகுவளி’; ‘புகுவளி’ வினைத்தொகை.

ஜே.சி. ரோட்டிலிருந்து, உதிரிபாகக் கடைக்காரர்:

ஐயா மன்னிக்க வேண்டும். ‘கீழ்வளி மிகுந்துவிட்டது’ என்று என் கடையில் யாராவது சொன்னால் பெருங்காயத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவேன். உடலில் கீழ்நோக்கிப் போகும் வாயுவான அபானனுக்குச் சித்த மருத்துவர்கள் சொல்லும் பெயருக்கு மிக அருகில் போய்விட்டீர்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகளில் வெளியேற்றுக் குழாயில் துகள் வடிகட்டி இருக்கிறது. எண்ணெய் எரிந்தாலும் நீலப்புகை வெளியே தெரியாமல் போகலாம். எரிந்த எண்ணெயின் சாம்பல் வடிகட்டியில் படிந்துகொண்டே இருக்கும். சிலவற்றில் ப்ரீதர் வாயுவும் வெளியே விடப்படாமல் உள்ளிழு குழாய்க்கே திரும்புகிறது. குழாய் நுனியைப் பார்த்துப் பழகிய ஓட்டுநருக்கு அங்கே எந்தத் துப்பும் கிடைக்காது. கையேடு எந்தக் காலத்து எஞ்சினைப் பேசுகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

யஷ்வந்தபுரம் பட்டறைக்காரர்:

கடைக்கார அண்ணன் சொன்னதைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை, ‘கீழ்வளி’ போகட்டும். ஆனால் ஐயாவின் ‘நீர்புகுவளி’யை விடக்கூடாது. தண்ணீர் தொட்டியில் குமிழி வந்தால் உடனே ‘ஹெட் கேஸ்கட் அடித்துவிட்டது’, அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் (ஹெட்) பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு போய்விட்டது, என்கிறார்கள். இங்கும் அதே அவசரம். இரண்டு வால்வு இருக்கைகளுக்கு நடுவே ஹெட்டில் விரிசல் விட்டிருந்தாலும் குமிழி வரும். பிஸ்டன் ஓடும் உருளையான லைனர், பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு துருத்த வேண்டுமோ அவ்வளவு துருத்தாமல் அமிழ்ந்திருந்தால் கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினாலும் மறுபடியும் போகும். அப்போது கேஸ்கட்டையும் அதை விற்ற அண்ணனையும் திட்டுவார்கள்.

காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சிறிது நேரத்தில், தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அது நீர்புகுவளி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் சுமையோடு ஏறி வந்தபின் பொங்குவது வேறு கதை. அதற்குத் தெர்மோஸ்டாட், விசிறி, அடைத்த ரேடியேட்டர் என்று பல காரணங்கள் உண்டு. இந்த வேறுபாட்டைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடலாம்.

பெட்ரோல் கார் பழக்கத்தில் சிலர் ‘இறக்கத்தில் காலை எடுத்தால் நீலப்புகை, ஆகவே வால்வு கைடு’ என்கிறார்கள். உள்ளே போகும் காற்றை மட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு இல்லாத டீசலில் காலை எடுத்தாலும் உள்ளிழு குழாயில் பெரிய வெற்றிடம் உண்டாவதில்லை. அந்த விதியை இங்கே அப்படியே நம்ப முடியாது.

சொல்லுக்கு வருகிறேன். இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் முடிவு. ப்ரீதரில் தெரியும் அறிகுறிக்கு ‘மூச்சிரைப்பு’. மருத்துவரிடம் மூச்சிரைக்கிறது என்று சொன்னால் நுரையீரலா, இதயமா, இரத்தச் சோகையா என்று அவர் தேடத்தான் வேண்டும். யாரும் சொல்லைக் கேட்டே அறுவை செய்வதில்லை. பிஸ்டன் வளையத்தைத் தாண்டியது உறுதியான வாயுவுக்கு ‘தாண்டுவளி’. நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் தாண்டுவளி இருக்கும். ஆகவே உண்டா இல்லையா என்று கேட்காமல், முழுச்சுமையில் எவ்வளவு என்று அளக்க வேண்டும்.

அல்சூர் தொகுப்பாளர்:

> ப்ரீதரில் தெரியும் அறிகுறிக்கு ‘மூச்சிரைப்பு’.

எடுத்துக்கொண்டேன். ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கத் திணறுவதையும் ஓட்டுநர்கள் மூச்சு வாங்குகிறது என்பார்களே, குழப்பம் வராதா?

சிவாஜிநகர் ஆசிரியர்:

வரும் அம்மா. ‘ப்ரீதர் மூச்சிரைப்பு’ என்றே எழுதுங்கள். ப்ரீதருக்கு ‘மூச்சுக்குழாய்’ என்று நான் தமிழ் தேடப்போவதில்லை. அது உடலில் இருக்கிறது, இங்கே வந்தால் இன்னொரு குழப்பம்.

யஷ்வந்தபுரம் பட்டறைக்காரர்:

சரி ஐயா. பழக்கத்தில் இருக்கும் பேக் கம்ப்ரஷனையும் ஒருமுறை குறிப்பிட்டுவிட்டு அப்புறம் புதுச்சொல்லுக்குப் போங்கள் அம்மா. இல்லையென்றால் படிப்பவர் இது வேறு ஏதோ நோய் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். கம்ப்ரஸர் சோதனையை ஹெட்டைக் கழற்றும் அதிகாரத்துக்கு முன்னால் வையுங்கள். வரைவில் அது எட்டுப் பக்கம் தள்ளி இருக்கிறது.